குந்திப்புழா கோடையிலும் ஓடுகிறது. நம் மலையடிக் கானாறுகளையும் அப்படி ஓட வைக்க முடியுமா?

1. கரைவேலி, ஒடுகத்தூர்

எல்லோருக்கும் வணக்கம். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் (சைலண்ட் வேலி) குந்திப்புழா ஆறு பங்குனி வெயிலிலும் பாறை இடுக்குகளில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி ஒடுகத்தூர் வழியாகப் பாலாற்றுக்குப் போகும் உத்திரகாவிரியும், அதில் விழும் கானாறுகளும் மழை விட்ட கொஞ்ச நாளிலேயே வெறும் மணலாகிவிடுகின்றன.

அப்படி ஒரு கானாற்றின் அடிவாரப் பகுதியில் 3 கி.மீ. நீளத்துக்கு இரு கரையிலும் மரம் வைக்க ஊரில் ஏற்பாடு நடக்கிறது. ஓடையின் அகலம் 5 முதல் 8 மீட்டர். மேலே காப்புக்காடு, கீழே இருபுறமும் பட்டா நிலம். நீர்பிடிப்பு ஏறக்குறைய 10 சதுர கி.மீ. நூறு நாள் வேலையில் ஆள் கிடைக்கும். குந்திப்புழாக் கரையில் இருக்கும் வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் இவற்றின் விதை, நாற்றைக் கொண்டுவந்து வைத்தால் அதே மாதிரி காடாகும், தண்ணீர் நிற்கும் என்று ஒரு யோசனை சொல்லப்படுகிறது. இது நடக்குமா? நடக்காது என்றால் அந்த ஆற்றிடமிருந்து நாம் எதை எடுத்துக்கொள்ளலாம்? விவரம் தெரிந்தவர்கள் அளவோடு சொல்லுங்கள்.

2. மழைமானி, காட்பாடி

மரத்தின் பெயரைப் பேசுவதற்கு முன்னால் மழைக்கணக்கைப் போட்டுவிடலாம். 1 மி.மீ. மழை 1 ஹெக்டேரில் 10,000 லிட்டர். 1 சதுர கி.மீ.யில் 10 லட்சம் லிட்டர். இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் மீதியெல்லாம் பெருக்கல்தான்.

அமைதிப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் மையப் பகுதி 89.52 சதுர கி.மீ. மழையை 3,000 மி.மீ. என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மேற்குக் காற்று வந்து மோதுகிற சரிவுகளில் இதைவிடக் கூடுதல். மொத்த வரவு சுமார் 26.9 கோடி கன மீட்டர், அணைக் கணக்கில் 9.5 டி.எம்.சி. பசுமைமாறாக் காடு இலை வழியாகவும் நனைந்த கிளைகள் வழியாகவும் ஆண்டுக்கு 1,100 முதல் 1,400 மி.மீ. வரை ஆவியாக்கிவிடும். 1,300 போனால் மிச்சம் 1,700 மி.மீ. அதை ஆண்டு முழுக்கச் சமமாகப் பிரித்தால் நொடிக்கு 4,800 லிட்டர். அந்தப் பரப்பு முழுவதும் குந்திப்புழாவுக்கே வடிவதில்லை. அளவின் பருமன் புரிவதற்காகப் போட்ட கணக்கு.

வேலூருக்கு வாருங்கள். ஆண்டு மழை 900 முதல் 1,000 மி.மீ. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் நம் வெயிலும் காற்றும் ஆண்டுக்கு 1,600 மி.மீ.க்கு மேல் உறிஞ்சத் தயாராக இருக்கின்றன. அதாவது வரவைவிடச் செலவு பெரிய வீடு இது. பிறகு ஓடையில் எப்படித் தண்ணீர் வருகிறது? மண் குடிக்கிற வேகத்தைவிட வேகமாக மழை கொட்டும் சில நாட்களால். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சில நாட்களில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்கியதோ, தை மாத ஓடை அவ்வளவுதான். குந்திப்புழாவின் மரத்தைக் கொண்டுவரலாம், மழையைக் கொண்டுவர முடியாது.

3. சோலைமந்தி, ஆம்பூர்

மழைமானி அண்ணன் சொன்னதோடு மரத்தைப் பற்றியும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். விதை, நாற்று யோசனையை இன்றே கைவிடுங்கள். முதல் காரணம் சட்டம். தேசியப் பூங்காவிலிருந்து அனுமதியில்லாமல் ஒரு விதையைக்கூட எடுத்துவருவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யார் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, அந்த மரங்களின் உடல்வாகு. வெடிப்பலா, நாங்கு, பாலி மூன்றும் சேர்ந்த காடு அது. கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேலே, வறண்ட மாதம் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லாத இடத்தில் வளர்வது. வெடிப்பலா விதை ஈரத்தோடு விழுந்து ஈரத்திலேயே முளைக்க வேண்டும். நம் புளியங்கொட்டை மாதிரி காயவைத்துச் சேமித்தால் உயிர் போய்விடும். நாற்று தப்பினாலும் பெரிய மரங்களின் நிழலில்தான் முதல் சில வருடம் வளரும். மாசி வெயிலில் திறந்த கரையில் நட்டால் இலை ஓரம் கருகி, குருத்து காய்ந்து, சித்திரைக்குள் குச்சியாக நிற்கும். தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றலாம் என்பார்கள். ஓடைக்குத் தண்ணீர் வேண்டும் என்றுதானே மரமே வைக்கிறோம்?

எதை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டீர்கள். அந்தப் பூங்காவுக்குள் இருக்கும் சைரந்திரி என்ற இடத்திலிருந்து குந்திப்புழாவுக்கு இறங்கும் பாதை ஓரத்துத் தரையைச் சொல்கிறேன். மேலே போன வருடத்து இலை, முழுதாக, ஈரமாக. அதற்கடியில் நரம்பு மட்டும் மிஞ்சிய சல்லடை இலை. இன்னும் அடியில் கருப்பாகப் பொடிந்த மட்கு. அதற்குள் வெள்ளை நூல் மாதிரி பூஞ்சை இழையும் மயிர் மாதிரி வேரும் பின்னிக் கிடக்கும். விரலை அழுத்தினால் மெத்தை மாதிரி உள்ளே போகும். மழைத்துளி முதலில் மேல்கவிகையில் மோதும், அடுத்து இடைமரங்களில், புதரில், கடைசியாக இந்த மெத்தையில். மண்ணைத் தொடும்போது அதற்கு அடிக்கிற வேகமே இருக்காது. இறங்குவதற்கு வேர்த்துளையும் கரையான், மண்புழு போட்ட வழியும் இருக்கிறது. அடைமழையிலும் அந்தச் சரிவில் செம்மண் நீர் ஓடாததற்கு இதுதான் காரணம்.

இந்த மெத்தையை நாவல், புங்கம், நீர்மருது இலையிலும் உண்டாக்கலாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

ஒரு சின்னச் செய்தி: சைரந்திரி என்பது விராட பருவத்தில் திரௌபதி மறைந்து வாழ்ந்தபோது வைத்துக்கொண்ட பெயர். ஆற்றுக்குக் குந்தியின் பெயர். அக்னி வசந்த விழாவில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த வட ஆற்காட்டுக்காரர்களுக்கு அந்தக் காடு பெயரளவிலாவது அந்நியமில்லை.

4. ஊற்றுக்கால், ஆற்காடு

மழை 3,000 மி.மீ. கொட்டினால் மொட்டைப் பாறையிலும் ஆறு ஓடும், காட்டுக்கு அதில் என்ன பங்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அதற்குப் பதில் அமைதிப் பள்ளத்தாக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: அட்டப்பாடி மலைப்பகுதி.

பூங்காவுக்குள் நுழையும் ஊரான முக்காலி இருக்கும் மேற்கு அட்டப்பாடியில் மழை கொட்டும். கிழக்கே, ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு வரும் பக்கம், மலை மழைக்காற்றைத் தடுப்பதால் மழை மறைவு. அங்கே விழுவது ஏறத்தாழ நம் வேலூர் அளவுதான். காடு வெட்டு, மேய்ச்சல், சரிவில் வரப்பில்லாத சாகுபடி எல்லாம் சேர்ந்து அந்தக் கிழக்குப் பகுதி மொட்டையானது. பவானியில் சேரும் கொடுங்கரைப்பள்ளம் என்ற ஓடை வற்றியே போனது. 1990களின் பிற்பகுதியில் ஜப்பான் கடனுதவியோடு அங்கே சூழல் மீட்புத் திட்டம் தொடங்கியது. தடுப்பணை, கல்வரப்பு, மரநடவு எல்லாம் நீர்பிடிப்பு முழுக்கச் செய்த பிறகு அந்த ஓடையில் மறுபடி தண்ணீர் வந்தது. ஒடுகத்தூர்க்காரர்கள் குந்திப்புழாவை ஆசையோடு பாருங்கள், பாடத்தைக் கொடுங்கரைப்பள்ளத்திடம் படியுங்கள்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். அதே மலைத்தொகுதியில் ஒரு முகடு தாண்டினால் பவானி. குந்திப்புழா தூதப்புழா வழியாக பாரதப்புழாவில் சேர்ந்து அரபிக்கடலுக்குப் போகிறது. பவானி கேரளத்துக்குள் புகுந்து திரும்பித் தமிழ்நாட்டுக்கு வந்து, பவானிசாகரில் தேங்கி, காவிரியில் சேர்கிறது. ஈரோட்டு வயலுக்கு அந்தக் காடுதான் மேல்மடை.

5. அணைக்கட்டு உழவன்

எல்லாம் நல்லா இருக்கு சார். ஒண்ணு கேக்கணும். கரையில மரம் வச்சா என் கிணத்துத் தண்ணிய அது குடிக்காதா? தைலமரம் வச்ச நிலத்துக்குப் பக்கத்துக் கிணறு வத்துதுன்னு சொல்றாங்களே. அதுக்குப் பதில் சொல்லாம பட்டாக்காரங்க யாரும் இடம் விட மாட்டாங்க.

6. மழைமானி, காட்பாடி

நியாயமான கேள்வி அண்ணே. குடிக்கும். மரம் தண்ணீர் குடிக்காது என்று சொல்பவர் பேச்சை நம்ப வேண்டாம். கேள்வி, அது குடிப்பதைவிடக் கூடுதலாக மண்ணுக்குள் இறக்கிவிடுமா என்பதுதான். மண் ஏற்கெனவே நன்றாகக் குடிக்கிற இடத்தில் நெருக்கமாக மரம் வைத்தால் கோடை நீர் குறையும். மாடு மிதித்து இறுகி, மழை வழிந்தோடுகிற மண்ணில் மரமும் புல்லும் மட்கும் வந்தால் இறங்குவது கூடி, குடிப்பதைத் தாண்டி மிச்சம் நிற்கும். உங்கள் மண் எந்த ரகம் என்று அரை நாளில் சோதிக்கலாம்.

30 செ.மீ. விட்டமுள்ள இரும்பு வளையம் ஒன்று, 60 செ.மீ. விட்டத்தில் இன்னொன்று. பட்டறையில் பழைய தகரப் பீப்பாயை வெட்டி, இரண்டையும் 25 செ.மீ. உயரத்துக்குச் செய்துகொள்ளலாம். மேல் குப்பையைக் கலைக்காமல் இரண்டையும் ஒரே மையத்தில் வைத்து, பலகை போட்டுச் சம்மட்டியால் 10 செ.மீ. இறக்குங்கள். இரண்டிலும் 10 செ.மீ. தண்ணீர். உள்வளையத்தில் அடிக்கோல் நட்டு, 5 நிமிடத்துக்கு ஒருமுறை எவ்வளவு இறங்கியது என்று எழுதுங்கள். குறையக் குறைய இரண்டிலும் ஒரே மட்டத்துக்கு நிரப்ப வேண்டும். முதல் அரை மணி காய்ந்த மண்ணின் தாகம். அதை விட்டுவிட்டு, வேகம் மாறாமல் நிற்கும்போது வரும் அளவை மணிக்கு இத்தனை மி.மீ. என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

தப்பு எங்கே நடக்கும்? வெளிவளையம் இல்லாமல் செய்தால் தண்ணீர் பக்கவாட்டில் பரவி, மண் நன்றாகக் குடிப்பது மாதிரி பொய் காட்டும். வெடிப்பு விட்ட களிமண்ணில் கோடையில் செய்தாலும் அதே பொய். வளையத்தைச் சாய்த்து அடித்தால் ஓரம் பிளந்து ஒழுகும். ஒரு இடத்தில் மட்டும் செய்தால் நண்டு வளைமேல் வைத்தீர்களா, பாறைமேல் வைத்தீர்களா என்றே தெரியாது. காட்டோரம், மேய்ச்சல் தரை, உழுத நிலம் மூன்றிலும் மும்மூன்று இடம் எடுங்கள்.

மணிக்கு 10 மி.மீ.க்குக் கீழே வந்தால் இறுகிய மண். நல்ல மழையில் பெரும்பகுதி வழிந்துதான் போகும். 100க்கு மேல் வந்தால் மண் நன்றாக இருக்கிறது. அங்கே புதிதாக மரத்தை அடைக்காதீர்கள், காவல் போதும்.

கிணற்று விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 10 சதுர கி.மீ.யில் ஆண்டு முழுக்கச் சேர்த்து கூடுதலாக 10 மி.மீ. மட்டும் மண்ணுக்குள் இறங்கினால் அது 10 கோடி லிட்டர். அதில் கால் பங்கு ஓடைக்கு ஊறி வந்தாலே நொடிக்கு 5 லிட்டர் வீதம் 57 நாள் ஓடும். ஆனால் நொடிக்கு 5 லிட்டர் என்பது நாளைக்கு 4.32 லட்சம் லிட்டர்தான். நொடிக்கு 5 லிட்டர் இறைக்கிற மோட்டார் பத்து, நாளைக்கு 6 மணி நேரம் ஓடினால் 10.8 லட்சம் லிட்டர் போகும். பூங்காவுக்குள் குந்திப்புழாக் கரையில் மோட்டார் கிடையாது. இங்கே மரம், தடுப்பு எல்லாம் செய்து முடித்து, இறைப்பைப் பேசாமல் விட்டால் ஓடைக்கு வரவேண்டிய நீர் முழுக்கக் கிணற்றிலேயே முடிந்துவிடும். அதுவும் ஊருக்கு லாபம்தான். ஆனால் ஓடை ஓடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

7. கற்கட்டு, வாணியம்பாடி

தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் வேலை மேலேயிருந்து கீழே வர வேண்டும். பலர் அடிவாரத்தில் பெரிய தடுப்பணையோடு ஆரம்பிப்பார்கள். மேலே மண்ணரிப்பு நிற்காததால் இரண்டு மழைக்காலத்தில் அது மேடு தட்டிவிடும்.

சின்ன ஓடைக்கிளைகளில் கல்லடுக்குத் தடுப்பு போதும். உயரம் 1 மீட்டரைத் தாண்ட வேண்டாம். அடியில் 30 செ.மீ. ஆழம் கடைக்கால் தோண்டிப் பெரிய கல்லை அதில் உட்கார்த்துங்கள். தலைகாணி அளவுக் கல் வெளியே, சின்னது உள்ளே. சின்னக் கல்லை முகப்பில் அடுக்கினால் முதல் வெள்ளத்திலேயே உருண்டு போகும். நடுப்பகுதி இரு ஓரத்தைவிட 30 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். எல்லாத் தவறிலும் பெரிய தவறு தலையை மட்டமாகக் கட்டுவது: தண்ணீர் ஓரமாக ஏறிக் கரையை அறுத்து, தடுப்பைத் தனியாக விட்டுவிட்டுச் சுற்றிப் போகும். இரு முனையையும் கரைக்குள் அரை மீட்டர் புதையுங்கள். கீழ்ப்பக்கம் தண்ணீர் விழும் இடத்தில் 1 மீட்டர் அகலத்துக்குத் தட்டைக்கல் பாவாவிட்டால் அங்கே குழி விழுந்து அடி சரியும்.

இடைவெளிக்கு வாய்ப்பாடு: கீழ்த்தடுப்பின் தலைமட்டமும் மேல்தடுப்பின் அடிமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். 20 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் ஓடையில் 1 மீட்டர் தடுப்புகள் 20 மீட்டருக்கு ஒன்று. மட்டம் பார்க்க ஒளிபுகும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். குழாய்க்குள் காற்றுக்குமிழி நின்றால் மட்டம் பொய் சொல்லும், ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

இப்படி மேலிருந்து கீழே மணல் ஓடைக்கு வேலை வந்த பிறகுதான், நீரை மண்ணுக்குள் இறக்கும் உறைக்கிணறு. நம் வேலூர்ப் பக்கத்து நாகநதியில் 2014 முதல் நூறு நாள் வேலைப் பெண்கள் கட்டியது இந்த இரண்டையும்தான், செறிவூட்டுக் கிணறும் கல்தடுப்பும். சிமென்ட் உறை இறக்கி, அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, அதன்மேல் மணல். வண்டல் வந்து மேல்மணலில் தோல் மாதிரிப் படியும். வருடா வருடம் ஆடிக்குள் மேல் 30 செ.மீ. மணலை அள்ளி மாற்றாவிட்டால் மூன்றாம் வருடம் அது வெறும் தொட்டி.

தோல் தொழிற்சாலைக் கழிவு கலக்கிற எந்த ஓடையிலும் உறைக்கிணறு வைக்கவே கூடாது. கழிவை நாமே ஊற்றுக்குள் ஊற்றியது போலாகும். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996இல் நம் வேலூர் மாவட்டத்து வழக்கில் சட்டமாக நிலைநிறுத்தியது. அந்தத் தீர்ப்பு வரக் காரணமான மண் இன்னும் ஆறவில்லை.

8. கரைவேலி, ஒடுகத்தூர்

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு நன்றி. சோலைமந்தி, எந்த மரம், எந்த வரிசை, எப்போது என்று சொன்னால் நாற்றங்காலுக்குச் சொல்லிவிடலாம். சீமைக்கருவேலம் ஓடைக்குள்ளேயே நிற்கிறது, அதை என்ன செய்வது?

9. சோலைமந்தி, ஆம்பூர்

தண்ணீர் தொடும் விளிம்பில் மரமே வேண்டாம். வெட்டிவேரும் நொச்சியும். வெட்டிவேர்த் தூரை ஒரு சாண் இடைவெளியில், இரு வரிசையாக, ஒன்றுக்கொன்று இடைவெளியை மறைக்கிற மாதிரி. வளைவின் வெளிக்கரைதான் அறுபடும். நாற்று குறைவாக இருந்தால் அங்கே மட்டுமாவது நெருக்கி வையுங்கள். அடுத்து வெள்ளம் ஏறி இறங்கும் சரிவில் நீர்மருது, புங்கம், அத்தி, நாவல். அத்தி குந்திப்புழாப் பக்கத்துக் காட்டிலும் உண்டு, நம் ஓடைகளிலும் உண்டு. பறவையும் வௌவாலும் வந்து உட்கார்ந்து மற்ற விதைகளைப் போட்டுவிட்டுப் போகும். அதனால் 100 மரத்துக்கு ஐந்தாறு அத்தி கட்டாயம். கரைமேட்டில் இலுப்பை, நெல்லி, புளி. பட்டாக்காரருக்கு வருமானம் வரும் வரிசை அதுதான், வெட்டாமல் இருப்பார். மேட்டு வரிசைக்கும் கிணற்றுக்கும் குறைந்தது 15 மீட்டர் விடுங்கள். தைலம் எந்த வரிசையிலும் வேண்டாம்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அவ்வளவே. கோடையிலேயே எடுத்து ஆற விட்டு, மேல்மண்ணையும் மட்கையும் தனியே வைத்து அடியில் போடுங்கள். நடவு ஆவணி, புரட்டாசி. நமக்குத் தென்மேற்குப் பருவத்திலும் ஓரளவு மழை உண்டு, ஆகவே வடகிழக்கு வருவதற்குள் வேர் பிடித்துவிடும். ஐப்பசி வெள்ளத்துக்கு முந்தின வாரம் நட்டதெல்லாம் ஓடையோடு போய்விடும். நாற்று 3 அடியாவது இருக்க வேண்டும், பையில் வேர் சுருண்டிருந்தால் சுருளை அறுத்துவிட்டு நடவும்.

நாற்றைக் கொல்வதில் முதலிடம் ஆட்டுக்கு, இரண்டாமிடம் முதல் கோடைக்கு. முள்வேலிக்குச் சீமைக்கருவேலம் முள்ளையே வெட்டிப் பயன்படுத்துங்கள். அதை ஓடைக்குள்ளிருந்து வேரோடு ஒரே நாளில் பிடுங்காதீர்கள். கரையைப் பிடித்திருப்பது பல இடத்தில் இப்போது அது ஒன்றுதான். 50 மீட்டர் எடுங்கள், அங்கே வெட்டிவேர் பிடித்த பிறகு அடுத்த 50. வெட்டிய தூர் துளிர்க்கும், மழைக்குப் பின் இரண்டு முறை திரும்பப் போக வேண்டும்.

முக்கியமாக, சருகைக் கூட்டிக் கொளுத்தாதீர்கள். ஒரு தீ மூன்று வருட மட்கைத் தின்றுவிடும். சருகை நாற்றைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் போடுங்கள், தண்டைத் தொடாமல். தொட்டால் கரையான் ஏறும், பட்டை அழுகும்.

10. ஊற்றுக்கால், ஆற்காடு

காவல் பற்றியும் பேச வேண்டும். குந்திப்புழா தானாக மிஞ்சிய ஆறு கிடையாது. 1970களில் சைரந்திரியில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் வந்தது. சுமார் 830 ஹெக்டேர் காடு நீரில் போயிருக்கும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் மின்சாரக் கணக்கையும் பொருளாதாரக் கணக்கையும் வரிவரியாக எடுத்துப் பேசியது. கவிஞர் சுகதகுமாரி, பறவையியலாளர் சாலிம் அலி போன்றோர் குரல் கொடுத்தார்கள். அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையிலான குழு ஆராய்ந்த பின், 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் தேசியப் பூங்கா அறிவிப்பு, 1985 செப்டம்பரில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதோடும் முடியவில்லை. பூங்கா எல்லைக்கு வெளியே கொஞ்சம் கீழே பாத்ரக்கடவில் இன்னொரு அணைத் திட்டம் தலைதூக்கியது. 2007இல் சுற்றிலும் 148 சதுர கி.மீ. தாங்கு மண்டலமாக, அதாவது பூங்காவின் பாதுகாப்பு வளையமாக, அறிவிக்கப்பட்டது.

தேசியப் பூங்காவுக்குள் கால்நடை மேய்ச்சலுக்குச் சட்டத்தில் இடமில்லை. தீத்தடுப்புக் கோடு வருடா வருடம் வெட்டுகிறார்கள். மேல்முகட்டில் புல்வெளியை மரம் வைத்து அடைக்காமல் புல்வெளியாகவே விட்டிருக்கிறார்கள். புல்லும் சோலையும் சேர்ந்துதான் அந்த ஊற்று.

ஜவ்வாது மலை தேசியப் பூங்கா ஆகப் போவதில்லை. மலையாளி என்ற பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் மலை அது, அவர்களை ஒதுக்கிவைத்து எந்தக் காவலும் நிற்காது. ஆனால் நீர்பிடிப்பை மூன்று துண்டாகப் பிரித்து, வருடத்துக்கு ஒரு துண்டில் மேய்ச்சலை நிறுத்திவைக்க ஊர்க்கூட்டத்தில் பேச முடியும். மூடிய துண்டில் புல்லை அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று வழி விட்டால்தான் அது நடக்கும். தடை மட்டும் போட்டால் முதல் வறட்சியிலேயே உடையும். தீத்தடுப்புக் கோட்டை மாசிக்குள் வெட்டிவிடுங்கள். காப்புக்காட்டுக்குள் எந்த வேலையும் வனத்துறை அனுமதியோடுதான், கல் அடுக்குவதும் அதில் சேரும்.

11. கரைவேலி, ஒடுகத்தூர்

ஊரில் நாலைந்து பேரை அழைத்துப் போய் அந்த மண்ணையும் கொடுங்கரைப்பள்ளத்தையும் காட்டலாம் என்று இப்போது தோன்றுகிறது. காட்பாடியிலிருந்து எப்படிப் போவது?

12. சோலைமந்தி, ஆம்பூர்

காட்பாடியில் ரயில் ஏறினால் சேலம், கோவை வழியாகப் பாலக்காடு. அங்கிருந்து மண்ணார்க்காடு சுமார் 40 கி.மீ., அதற்கு மேல் முக்காலி 20 கி.மீ. பேருந்து உண்டு. திரும்பும்போது அகளி, ஆனைகட்டி வழியாகக் கோவைக்கு வந்தால் ஈரக்காட்டில் ஆரம்பித்து முள்காட்டில் முடியும். ஒரே பகலில் மழை மறைவைக் கண்ணால் பார்க்கலாம். முக்காலியிலிருந்து சைரந்திரி 23 கி.மீ., வனத்துறை அனுமதித்த வண்டியில் வழிகாட்டியோடு மட்டும். முன்பதிவு செய்யுங்கள், காலையிலேயே முக்காலியில் இருங்கள். மதியத்துக்குப் பிறகு உள்ளே விடமாட்டார்கள். சைரந்திரியில் காவல்கோபுரம், அங்கிருந்து ஆற்றுக்கு ஒன்றரை கி.மீ. நடை. குளிக்க முடியாது, எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடும், அட்டையும் மொய்க்கும். நெருக்கமான நெசவுள்ள அட்டைக்காலுறையை முழங்கால் வரை இழுத்துக் கட்டினால் போதும். கடித்த அட்டையைப் பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளி எடுங்கள். உப்பும் புகையிலையும் கொண்டுபோய் ஓடை ஓரத்தில் கொட்டாதீர்கள், தவளைத் தோல் அதைத் தாங்காது. தை முதல் பங்குனிக்குள் போனால் வெடிப்பலா பூத்திருக்கும். கிளையிலேயே ஒட்டிப் பூக்கும் அந்தப் பூவுக்குச் சிங்கவால் குரங்குகள் வரும், கீழே தரையெல்லாம் பூ உதிர்ந்து கிடக்கும்.

13. அணைக்கட்டு உழவன்

சரி சார், வேலையெல்லாம் செஞ்சோம்னு வைங்க. ஓடை முன்னயவிட நல்லா ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரியும்? கண்ணால பாத்து ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க.

14. மழைமானி, காட்பாடி

வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே அளக்கத் தொடங்க வேண்டும் அண்ணே, இந்த வருடமே. அது இல்லாவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவது?

ஓடை நன்றாக ஓடும்போது மிதவை முறை. நேராக ஓடும் 10 மீட்டர் எடுத்து இரு முனையிலும் கயிறு கட்டுங்கள். அகலம், நாலைந்து இடத்தில் ஆழம். சாத்துக்குடியை மேல்கயிற்றுக்குக் கொஞ்சம் முன்னாலேயே விட்டு, கயிற்றிலிருந்து கயிறுக்கு எத்தனை நொடி என்று ஐந்து முறை பார்த்துச் சராசரி எடுங்கள். காய்ந்த இலையை விட்டால் காற்று தள்ளும். சாத்துக்குடி பாதி முங்கிப் போவதால் சரியாகக் காட்டும். 4 மீட்டர் அகலம், சராசரி 30 செ.மீ. ஆழம், 10 மீட்டருக்கு 25 நொடி என்றால்: பரப்பு 1.2 சதுர மீட்டர், மேல்வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். அடியில் வேகம் குறைவு என்பதால் 0.8ஆல் பெருக்க 0.32. ஆக நொடிக்கு 384 லிட்டர். கல்லும் கரடுமான மேட்டு ஓடையில் 0.8க்குப் பதில் 0.65 போடுங்கள்.

மார்கழிக்கு மேல் நீர் மெலிந்ததும் இந்த முறை உதவாது. அப்போது தகட்டில் நடுவே 90 பாகையில் முக்கோண வெட்டு வெட்டி, ஓடையின் குறுக்கே செங்குத்தாக நிறுத்தி, ஓரத்திலும் அடியிலும் களிமண் அடைத்து, எல்லா நீரும் வெட்டின் வழியே விழும்படி செய்யுங்கள். முக்கோண முனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் நொடிக்கு சுமார் 0.8 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் நீர் ஐந்து மடங்குக்கும் மேல், அதனால் அரை செ.மீ. தவறும் பெரிய தவறு. உயரத்தை வெட்டின் வாயில் அளக்காதீர்கள், அங்கே நீர் வளைந்து தாழ்ந்திருக்கும். அரை மீட்டர் மேலே, தேங்கி நிற்கும் இடத்தில், முனை மட்டத்தைச் சுழியாக வைத்து நட்ட அடிக்கோலில் பாருங்கள். விழும் நீருக்குப் பின்னால் காற்று இருக்க வேண்டும், தகட்டோடு ஒட்டி வழிந்தால் கணக்கு தப்பும்.

வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில், காலை மோட்டார் போடுவதற்கு முன். பக்கத்திலேயே மழைமானி ஒன்று வைத்து அதையும் எழுதுங்கள். மழை கூடின வருடத்து ஓட்டத்தை வேலையின் பலன் என்று எண்ணிவிடக் கூடாது. ஓடை நின்ற தேதியைத் தனியாக ஒரு பக்கத்தில்.

15. அணைக்கட்டு உழவன்

தகடு எவ்ளோ கனம் சார்? பட்டறையில சொல்லணும்.

16. கற்கட்டு, வாணியம்பாடி

3 மி.மீ. இரும்புத் தகடு, 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. உயரம். மேல்விளிம்பின் நடுவிலிருந்து 25 செ.மீ. ஆழத்துக்கு முக்கோணம், மேல்வாய் அகலம் 50 செ.மீ. வரும். நீர் வரும் பக்கம் விளிம்பு கூராக இருக்கட்டும், விழும் பக்கம் சாய்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பெயின்ட் அடித்தால் வெட்டு விளிம்பில் மட்டும் அடிக்க வேண்டாம். ஐப்பசி வெள்ளம் வருமுன் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிற மாதிரி இரு பக்கமும் காடியில் செருகி வையுங்கள்.